ஹென்றியின் வண்டிக்கு வேறு ஸ்டீயரிங்

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளா. ஆளிடமிருந்து தொடங்கினால் நான் வண்டிக்கு வந்து சேரமாட்டேன்.

பச்சை வண்டி அது. தகரக் கூரை கிடையாது. வேண்டுமானால் பின்னாலிருந்து இழுத்து மூடிக்கொள்ள ஒரு கான்வாஸ் துணி. இரண்டு பேர்தான் உட்காரலாம். சக்கரத்துக்குள் சைக்கிளைப் போலக் கம்பிகள். மூக்கு நீளம், உடம்பு கட்டை. எம்.ஜி. என்று சொல்கிற பழைய பந்தயக் கார். புதுத் துறைமுகம் கட்டுகிற வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், ஊர் திரும்புகிற சமயம் அதை ஹென்றியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

ஹென்றி தண்டல். கொழும்புக்குச் சரக்கேற்றி ஓடும் பாய்த் தோணியை நடத்திப் போகிறவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்போம். மீசை அரும்பும் முன்பே தோணியேறியவன். நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் கரையில் அவனுக்கென்று ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. அவன் இந்தப் பச்சை வண்டியில், இன்ஜினியரின் டிரைவர் ஓட்ட, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு தெருவுக்குள் வந்தபோது, மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

“என்னவே ஹென்றி, தோணிக்காவது பாய் இருக்கும். இதுக்கு அதுவும் இல்லியே.”

“ரெண்டு பேருதான் ஒக்காரலாமாம்லா. மாமியா வந்தா எங்கன வைப்பீரு?”

“அதுக்குத்தாம்ல இத வாங்குனேன்” என்றான் ஹென்றி.

வாசலில் நின்ற அவன் மனைவி அல்போன்சாவுக்கும் சிரிப்பு வந்தது. அவளுடைய அம்மாவைத்தான் சொல்கிறான். இருந்தாலும் சிரித்தாள்.

அந்த டிரைவரிடமே ஹென்றி ஓட்டப் படித்தான். கூடவே படித்தவர் ரோச். அவரும் தண்டல்தான், ஹென்றிக்கு மூத்தவர், அதே தெரு. இரண்டு தண்டல்களும் சாயங்காலம் கடற்கரைப் பொட்டலில் வட்டம் வட்டமாகச் சுற்றி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே படித்தார்கள். கொஞ்ச நாளில் ஹென்றி அல்போன்சாவை ஏற்றிக்கொண்டு மணப்பாடு வரைக்கும் போய்வந்தான். அவள் முக்காட்டைக் கையில் பிடித்துக்கொண்டே போய்விட்டு, கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்தப் பருவத்தின் கடைசி ஓட்டத்தில் தோணி போய்விட்டது. இலங்கைக் கரையில், கற்பிட்டிக்கு வெளியே, ராத்திரியில் அடிப்பலகை விட்டுப்போனது. வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றியிருந்தார்கள். ஓட்டின் கனம் நேரே கீழே இழுத்துவிட்டது. ஹென்றியையும் மற்றவர்களையும் ஒரு சிங்கள மீன்படகு ஏற்றிக்கொண்டது. இரண்டு பேரைக் காணோம். இரண்டு பேரும் புன்னைக்காயல்காரர்கள்.

ஊருக்கு வந்த ஹென்றி பேசுவதை விட்டுவிட்டான். சாப்பிட்டான், குளித்தான், கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டான். மற்ற நேரமெல்லாம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சக்கரத்துக் கம்பி ஒவ்வொன்றையும் துணியைச் சுற்றித் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். பார்த்துப் பார்த்து அல்போன்சாவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. பயத்தில் பேசினாளோ, அவன் வாயிலிருந்து எதையாவது வரவழைக்கப் பேசினாளோ, எப்படியோ சொல்லிவிட்டாள்.

“ரெண்டு பேரக் கடல்ல விட்டுட்டு வந்த மனுசனுக்கு, ரெண்டு பேரு ஒக்காருத வண்டி கேக்குதோ.”

ஹென்றி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். துணியை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தான். “புன்னக்காயல் வரைக்கும் போயி அவங்க வீட்டுல தல காட்டிட்டு வாரேன்” என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பழையகாயலுக்கு இந்தப் பக்கம், உப்பளங்களுக்கு நடுவே ரோடு நேராகப் போகும். அங்கே ஒரு சின்னப் பாலம். இடது கைப்பக்கம் கருங்கல் சுவர் கட்டியிருக்கும். வலது கைப்பக்கம் வெறும் பொட்டல். இறங்கினால் சக்கரம் சகதியில் மாட்டும், அவ்வளவுதான். நல்ல வெயில் நேரம். ரோட்டில் யாரும் இல்லை. வண்டி இடது பக்கம் ஒடித்துத் திரும்பிச் சுவரில் நேராகப் போய் மோதியது. ஸ்டீயரிங் நெஞ்சில் ஏறிவிட்டது. வேறு ஒரு காயமும் இல்லை, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த சுடலைமாடத்தி என்ற பெண்தான் பார்த்தவள். சாவுக்குத் துட்டி கேட்க வந்த இடத்தில் அல்போன்சாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, பாவம்.

“நான் நிமுந்து பாக்கும்போது வண்டி திரும்பிக்கிட்டு இருக்கும்மா. ரோட்டுல ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் அம்புட்டு எடம் கெடக்கு. தெரிஞ்சே செவுத்தப் பாத்துத் திருப்புன மாதிரி இருந்துச்சு.”

தானே உயிரை விட்டவனுக்குக் கோயில் அடக்கம் கிடையாது. ஆனால் சாமியார் ஒன்றும் கேட்கவில்லை. மந்திரித்து, கல்லறைத் தோட்டத்தில் எல்லாரையும் போல அடக்கம் செய்தார்கள். தெருவில் மட்டும் பேச்சு இருந்தது. அல்போன்சா வந்தால் பேச்சு நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை, மாதப் பூசையிலும் வரவில்லை. காலையில் ஒரு குத்து அரிசியைக் கஞ்சி வைப்பாள். அதுதான் ராத்திரிக்கும். மீன்காரி வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடாமலே போகத் தொடங்கினாள்.

*

நொறுங்கிய வண்டி பிச்சையாவின் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிச்சையா விளாத்திகுளத்துக்காரர்; துறைமுக லாரிகளைப் பிரித்து மாட்டுகிறவர். மதுரையிலிருந்து ஒரு மில் முதலாளி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓடுகிற நிலையில் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அல்போன்சா சரி என்றாள். அவள் அப்போது எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்குப்பக்கம் தட்டி நிமிர்த்தியாயிற்று. ஸ்டீயரிங்தான் பாக்கி. நெஞ்சுக்கு நேரே நிற்கும் வட்டமும், அதிலிருந்து முன்சக்கரம் வரை இறங்கும் தண்டும் வளைந்து கிடந்தன.

“இதையே நிமித்தி மாட்டக் கூடாதா?” என்று மில்காரர் கேட்டார்.

“மாட்டலாம் மொதலாளி. வளைஞ்ச கம்பி ஒருக்க நிமுந்தா மறுபடி எங்கன முறியும்னு சொல்ல முடியாது. மாட்டுத அன்னைக்கே ஒங்க வீட்டுல வந்து துட்டியும் கேட்டுட்டுப் போயிருதேன்.”

அதன்பிறகு மில்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இங்கே அந்தச் சாமான் கிடைக்காது. தோணிகள் ஓடாத மாதங்கள் வேறு. புரட்டாசியில் கடல் அடங்கியது. முதல் ஓட்டம் போய்த் திரும்பிய ரோச் ஒரு சாக்குப் பொதியோடு கரையிறங்கினார். கொழும்பில் பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, அதே மாதிரி வண்டியின் தண்டையும் வட்டத்தையும் தேடிப் பிடித்திருந்தார். கஸ்டம்ஸில் காட்டிவிட்டு, பொதியைத் தோளில் வைத்து நேரே பட்டறைக்குத் தூக்கிவந்தார். அல்போன்சாவுக்கும் சொல்லி அனுப்பினார். அவள்தான் அப்படிக் கேட்டிருந்தாள்.

அவள் வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்தாள்.

“தங்கச்சி, இத நீங்க பாக்க வேண்டாமே” என்றார் பிச்சையா. “கழத்தி ஓரமா போட்டுட்டுச் சொல்லி விடுதேன்.”

“எனக்கு முன்னாலதான் கழத்தணும் அண்ணாச்சி. ஸ்டேரிங்கு மொதல்லயே விட்டுப் போயி வண்டி செவுத்துக்குப் போச்சா, செவுத்துல இடிச்ச பொறவு அது வளைஞ்சிச்சா. எனக்கு அது தெரியணும்.”

பிச்சையா ரோச்சைப் பார்த்தார். ரோச் சுவரைப் பார்த்தார்.

ஸ்டீயரிங் முறிந்திருந்தால் அது இரும்பு செய்த பிழை. முறியவில்லை என்றால், அவன் தன் கையால் சுவரைப் பார்த்துத் திருப்பியிருக்கிறான். அவள் சொன்ன சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பியிருக்கிறான். இந்த மாதங்களில் அவள் மனசுக்குள் இருந்தது இது ஒன்றுதான்.

பிச்சையா தார்ப்பாயை விலக்கினார். வட்டத்தின் மேல் பாதி உள்பக்கமாக மடங்கியிருந்தது. கறை இல்லை, எப்போதோ துடைத்திருந்தார். வண்டியின் முன்பக்கத்துக்கு ஜாக்கி கொடுத்து, இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தினார். உள்ளே உட்காராமல் வெளியே நின்றபடியே மடங்கிய வட்டத்தைப் பிடித்து மெல்ல வலது பக்கம் திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம். முன்சக்கரங்கள் இரண்டும் வலது பக்கம் திரும்பின. இடது பக்கம் திருப்பினார். இடது பக்கம் திரும்பின.

பிச்சையா வட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

“விட்டுப் போயிருந்தா இப்பம் திரும்பாது தங்கச்சி” என்றார். “கோத்தது கோத்தபடி இருக்கு. வளைஞ்சது இடியில வளைஞ்சதுதான்.”

“அப்பம் ஸ்டேரிங்கு நல்லாத்தான் இருந்துருக்கு.”

“ஆமா.”

“திருப்புன பக்கந்தான் வண்டி போயிருக்கும்.”

பிச்சையா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். “ஆமா தங்கச்சி.”

“சரி” என்றாள் அல்போன்சா. பிறகு, “டீ சொல்லவா?” என்று கேட்டாள்.

ரோச், “எனக்கு வேண்டாம்ளா” என்றார். பிச்சையாவும் வேண்டாம் என்றார். அவள் அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போக ஓர் இடம் தோன்றவில்லை.

*

வேலை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது நடந்தது. வட்டத்தின் நடுவிலிருந்த ஹாரன் மூடியை நெம்பி எடுத்து, அடியிலிருந்த பெரிய நட்டைப் பிச்சையா கழற்றினார். வட்டம் அசையவில்லை. உப்புக்காற்றில் பிடித்துப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டார், அடியில் கட்டை கொடுத்துத் தட்டினார். திடீரென்று கையோடு வந்துவிட்டது. அதை அல்போன்சாவின் கண்ணுக்குப் படாமல் வைக்க ரோச் அங்குமிங்கும் பார்த்தார். அவளே கை நீட்டி வாங்கித் தன் பக்கத்தில் சாய்த்துவைத்தாள்.

பிச்சையா மல்லாக்கப் படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். தண்டைப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றினார். பெடல்களுக்குப் பக்கத்தில் கீழே சேரும் இடத்து போல்ட்டையும் எடுத்தார். வளைந்த தண்டு ஓட்டையில் சிக்கிக்கொண்டது.

“இழும்வே” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

“இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நங்கூரம் தூக்குத மாதிரி இழுக்காதீரும். திருவித் திருவி இழும்.”

“நங்கூரத்த நீரு எங்கன பாத்தீரு? ஒம்ம விளாத்திகுளத்துல கண்மாயே வத்திக் கெடக்கு.”

“வத்துனாலும் அது எங்கனயும் ஓடிப் போவாது. ஒம்ம கடலு மாதிரி தெனமும் வந்து வந்து போவாது.”

தண்டு வந்துவிட்டது. கொழும்புத் தண்டைச் சாக்கிலிருந்து எடுத்து, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி நீளம் பார்த்தார் பிச்சையா. ஒன்று நேர், ஒன்று கோணல்; மற்றபடி ஒரே நீளம், ஒரே தடிமன். நுனியிலிருந்த பற்களைப் பிரஷ்ஷால் தேய்த்து கிரீஸ் தடவினார். ஓட்டையில் புது ஃபெல்ட் வளையம் வைத்து, தண்டை மேலிருந்து கீழே இறக்கினார். கீழே பல்லோடு பல் சேர்த்து போல்ட்டை முறுக்கினார். மேலே கிளாம்பை இறுக்கினார். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, முன்சக்கரம் இரண்டையும் நேரே வைத்துவிட்டு, கொழும்பு வட்டத்தைப் பொருத்தி நட்டைக் கைவிரலால் ஏற்றினார். விலகி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“கோணிக்கிட்டு இருக்கு. ஒரு பல்லு தள்ளி ஒக்காந்துட்டு.”

“சக்கரம் நேராத்தான இருக்கு, ஓடும்லா” என்றார் ரோச்.

“ஓடும். ஓட்டுதவன் நேரா போவணும்னு நெனச்சு வட்டத்த நேராக்குவான், வண்டி பள்ளத்துக்குப் போவும்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி வட்டத்தை இழுத்தெடுத்து ஒரு பல் தள்ளிப் பொருத்தினார்.

அல்போன்சா அதையும் கேட்டாள். கேட்டதாக முகத்தில் ஒன்றும் இல்லை.

*

மத்தியானத்துக்குப் பிறகு வண்டியைப் பட்டறைக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உப்புக் குவியலை மூடுவதற்காகப் பனையோலையை அங்கே அம்பாரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். மற்றபடி வெறும் தரை, ஓரத்தில் முள் நிறைந்த உடைமரங்கள். ஆடுகள் அந்த நிழலில் படுத்திருந்தன.

“நீரு ஓட்டும்” என்றார் பிச்சையா ரோச்சிடம். “நான் பக்கத்துலயே நடந்து வாரேன். கீழ சத்தம் வருதான்னு கேக்கணும். கழுத மாதிரி விரட்டாதீரும்.”

ரோச் ஏறி உட்கார்ந்தார். இந்த வண்டியில்தானே அவரும் படித்தவர். என்ஜின் பிடித்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதும், அல்போன்சா பட்டறைச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

வண்டி மெல்ல நகர்ந்தது. வலது பக்கம் பிச்சையா குனிந்து குனிந்து நடந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ரோச் ஒழுங்காகத்தான் ஓட்டினார்; வலதில் திருப்ப வலதில் போனது, இடதில் திருப்ப இடதில் போனது. “சத்தமில்ல, கொஞ்சம் வெரசாப் போம்” என்று பிச்சையா பின்தங்கி நின்றார். ரோச் வேகத்தைக் கூட்டினார்.

இடது பக்க உடைமரத்தடியிலிருந்து ஓர் ஆடு துள்ளிக் குறுக்கே வந்தது.

வலது பக்கம் முழுசும் வெட்டவெளி. ரோச் வட்டத்தை இடது பக்கம் ஒடித்தார். வண்டி ஆட்டைப் பார்த்தே போனது. ஆடு எம்பிக் குதித்துத் தப்பியது. வண்டி ஓலை அம்பாரத்துக்குள் மூக்கை விட்டு நின்றுவிட்டது.

பிச்சையா ஓடிவந்தார். ரோச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையில் ஓலைத்தூசி மட்டும். வந்த பயத்துக்கு ஈடாகப் பிச்சையா கத்தினார்.

“ஏம்வே, ஒமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? வலது பக்கம் அம்புட்டு எடம் கெடக்கு. ஆட்டப் பாத்தாவே திருப்புவீரு?”

சொன்ன பிறகுதான் அது சுடலைமாடத்தி சொன்ன அதே பேச்சு என்று அவருக்கு உறைத்தது. திரும்பி அல்போன்சாவைப் பார்த்தார். அவள் பொட்டலில் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

ரோச் இறங்கவில்லை. வட்டத்தைப் பிடித்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வலத்ததாம்வே போனேன்” என்றார்.

“எங்கன வலத்த போனீரு? இடத்த ஒடிச்சீரு. நான் பாத்தேன்.”

“கட்டய இடத்த தள்ளுனேன். வலத்த போறதுக்கு.”

“எந்தக் கட்ட?”

ரோச் கைகளைக் காற்றில் நீட்டி, ஒரு தடிமனான கட்டையைப் பிடித்துத் தள்ளுவது போல இடது பக்கம் தள்ளினார். பிறகு மெதுவாகப் பேசினார். பிச்சையாவுக்குத்தான் சொன்னார், அவர் தரைக்காரர்.

“தோணியில வட்டமெல்லாம் கெடையாதுவே. சுக்கானுக்கு நீளமா ஒரு கட்ட உண்டு. அதத் தண்டல் அணச்சுப் புடிச்சுருப்பான். கட்டய இடத்த தள்ளுனா தோணி வலத்த திரும்பும். வலத்த தள்ளுனா இடத்த. இடத்த ஒரு பாறையக் கண்டா, யோசிக்கமாட்டோம், கட்டய இடத்ததான் தள்ளுவோம். ஒழுங்கா ஓடுத நேரம் இந்தக் கை வண்டிக்காரன் கைதான். பயந்த நேரம் அது தோணிக்குப் போயிட்டு.”

ஆடு தூரத்தில் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ரோச்சண்ணே” என்றாள் அல்போன்சா. “பழையகாயல் பாலத்துக்கிட்ட ஆடு உண்டுமா?”

“பாலத்துக்கு அடியிலதாம்ளா கெடக்கும். வெயிலுக்கு வேற நெழலு ஏது அங்கன. திடீர்னு ரோட்டுக்கு ஏறும்.”

“இடது பக்கமா?”

“அந்தப் பக்கந்தான் ஏறுததுக்குச் சரிவு இருக்கு.”

அவள் தலையை ஆட்டினாள். “இன்னொரு மட்டம் ஓட்டுங்க” என்றாள்.

“எதுக்குளா?”

“ஓட்டுங்கண்ணே. நான் பாக்கணும்.”

வண்டியை ஓலையிலிருந்து பின்னால் இழுத்தார்கள். பிச்சையா மட்கார்டைத் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ரோச் மறுபடி ஓட்டினார். இடது பக்கமிருந்து பிச்சையா காலி டின் ஒன்றைக் குறுக்கே உருட்டிவிட்டார். ரோச் அழகாக வலது பக்கம் ஒதுங்கிப் போனார். இன்னொரு தடவை, சாக்கைச் சுருட்டி எறிந்தார். அப்போதும் வலது பக்கம்தான். அதற்கடுத்த தடவையும் அப்படியே.

ரோச் வண்டியை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். முகம் வேர்த்திருந்தது.

“வரமாட்டங்குளா. நீங்க உருட்டப் போறீங்கன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டு எப்பிடிப் பயப்பட?”

“சரிண்ணே.”

“ஆனா அவனுக்கு அதாம்ளா நடந்துருக்கும். என் கை செஞ்சதுதான அவன் கையும் செஞ்சிருக்கும். ஒரே கடலு, ஒரே கட்ட. அவன் ஒன்ன விட்டுட்டுப் போவணும்னு போவல்ல.”

பிச்சையா அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, காலி டின்னை எடுத்து, அதன் மூடியைத் தேடினார்.

“அழுதுருளா” என்றார் ரோச்.

“வரலண்ணே.”

வராததற்காக அவள் வெட்கப்பட்டது போல இருந்தது.

*

பிச்சையாவே அவளை வண்டியில் வைத்துத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். ஸ்டீயரிங் அவர் கையில் சொன்ன பேச்சைக் கேட்டது. கொழும்பில் யாருடைய கை பட்டுத் தேய்ந்ததோ, அந்த வட்டம் மேல்பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அல்போன்சா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்று காலையில் அந்த வாசலில் நின்று அவள் சொன்ன சொல்லை இத்தனை மாதமும் சுமந்திருந்தாள். ஓர் ஆளைக் கொன்ற சொல் என்றே நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், அவன் அதைக் கேட்டான், துணியை மடித்துவைத்தான், புன்னைக்காயலுக்குத்தான் புறப்பட்டான். வழியில் ஓர் ஆடு. அவளுடைய சொல்லுக்கு ஓர் ஆட்டின் கனம்கூட இல்லை. இது நிம்மதிதானா என்று தொட்டுப் பார்த்தாள். மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. கைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அதுவும் நிச்சயம் என்று யாரால் சொல்ல முடியும்? டின்னுக்கும் சாக்குக்கும் ரோச் ஒழுங்காகத்தானே திருப்பினார்.

“திங்கக்கெழம மில்காரரு வருவாரு” என்றார் பிச்சையா. “குடுத்துரலாம்லா?”

“குடுத்துருங்க அண்ணாச்சி.”

வீட்டு வாசலில் மீன்காரி வேறு யாருக்கோ எடை போட்டுக்கொண்டிருந்தாள். அல்போன்சா அவள் கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பாறை மீன் ஒன்றைச் செவுளைத் தூக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டாள். மீன்காரி பேரம் பேச விடவில்லை.

குசினியில் போய் மீனை உரசிக் கழுவினாள். புளி கரைத்தாள். தேங்காய் அரைத்தாள். உலையில் அரிசி போட்டாள். இத்தனை நாள் கஞ்சிக்குப் பிறகு மிளகாய் நெடி மூக்கில் ஏறித் தும்மினாள். குழம்பு கொதித்து அடங்கியதும் இறக்கி, தனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, வால் பக்கத்துத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் அடுப்போரத்தைப் பார்த்தாள். பெரிய கிண்ணம் ஒன்று இருந்தது. மேலே தட்டு கவிழ்த்திருந்தது. எழுந்து போய்த் திறந்தாள். மீன் தலையும், அதையொட்டிய பெரிய துண்டும், அவனுக்குப் பிடித்த மாதிரி நிறையக் குழம்பும் இருந்தன. சோற்றுப்பானையிலும் இரண்டு பேருக்கான சோறு.

அவள்தான் எடுத்துவைத்திருக்கிறாள். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. நேரம் கழித்து வருகிறவனுக்கு ஆறாமலிருக்க அடுப்போரத்தில் மூடிவைக்கும்படி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் நினைக்கவில்லை. கை வைத்திருந்தது.

கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

“ஆமா” என்றாள், யாரோ கேட்டதற்குச் சொல்வது போல.

கிண்ணத்தை எடுத்துவந்து தன் தட்டில் கவிழ்த்தாள். மீன் தலையைச் சாப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது அவனுக்குத்தான். எங்கே எலும்பு, எங்கே சதை என்று தெரியாமல் விரலால் துழாவி, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஒரு முள் ஈறில் குத்தியது. எடுத்துப்போட்டுவிட்டு மறுபடி சாப்பிட்டாள். பானையில் இருந்த சோறு முழுவதையும், அவன் பங்கையும் சேர்த்து, மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள்.